நாலு நாள் வெயில் அடித்துவிட்டால் பனி உட்கார்ந்துவிடுமா?

ஒரு தம்பி கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, நாங்கள் நாலு பேர் அடுத்த வாரம் பனிச்சறுக்குக்குக் காஷ்மீரின் குல்மார்க் போகிறோம். ரெண்டு சீசன் சறுக்கியாச்சு. இந்தத் தடவை கோண்டோலா (கேபிள் கார்) உச்சியில் இறங்கி, கயிறு கட்டியிருக்கிற எல்லையைத் தாண்டி, ட்ரங் கிராமம் வரைக்கும் காட்டுவழியாக இறங்கலாம் என்று திட்டம். பெரிய பனி விழுந்து நாலு நாள் ஆகிவிட்டது. வானம் பளிச்சென்று இருக்கிறது. முந்தாநாள் மட்டும் நாற்பது பேர் அதே சரிவில் இறங்கியிருக்கிறார்கள், வழிகாட்டியும் 'நோ ப்ராப்ளம்' என்கிறார். பனி செட் ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? இணையத்தில் சும்மா பயமுறுத்துகிறவர்கள்தான் அதிகம்."

ஜனவரி 31, இரவு 10.40

பாதி சரி. புதுப் பனி விழும்போதும் விழுந்து முடிந்த ஒன்றிரண்டு நாளுக்குள்ளும்தான் பனிச்சரிவு ஆபத்து உச்சத்தில் இருக்கும். அப்புறம் அது தன் எடையிலேயே அமுங்கி இறுகும். நாலு நாள் காத்திருந்தது நல்ல காரியம்தான்.

ஆனால் நீங்கள் மேலே விழுந்த பனியை மட்டும் கணக்கில் எடுக்கிறீர்கள். அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? நவம்பர், டிசம்பரில் கொஞ்சம் விழுந்திருக்கும், முழங்கால் அளவு. அப்புறம் சில்லை கலான் என்கிற காஷ்மீரின் கடுங்குளிர் காலம் ஆரம்பித்துவிடும், டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள். பனி விழாமல் வெறும் குளிரும் தெளிந்த வானமுமாக வாரக்கணக்கில் போனால் அங்கேதான் வினை. தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் இருக்கும், பனியின் மேற்பரப்பு ராத்திரி மைனஸ் 15-க்குப் போகும். நடுவில் அரை மீட்டர் பனிதான். அடியிலிருந்து ஆவி மேலே ஏறி, மேலே இருக்கிற குளிர்ந்த துகள்களில் படிந்து உறைகிறது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே துகள் உருமாறத் தொடங்கும், இங்கே மூன்று டிகிரி. கொஞ்ச நாளில் அடிப்பனி முழுக்க கோணல்மாணலான, ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரையாக மாறிவிடும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும். உருண்டை பிடிக்கவே முடியாது.

ஜனவரி கடைசியில் மேற்கத்தியக் காற்றலை ஒன்று வந்து ஒரு மீட்டர் கொட்டுகிறது. நாலு நாள் வெயிலில் அது இறுகிப் பலகை ஆகிறது. நீங்கள் "செட் ஆகிவிட்டது" என்று சொல்கிறீர்களே, அது இந்தப் பலகைதான். அடியில் இருக்கிற சர்க்கரை அப்படியே இருக்கிறது, வாரக்கணக்கில் இருக்கும். இறுகாத பனி பொலபொலவென்று சின்னதாகச் சரியும். இறுகின பனி பாளம்பாளமாக, சரிவின் அகலம் முழுக்கப் பெயர்ந்து வரும்.

குல்மார்க் விளையாட்டு மைதானம் இல்லை. 2010 பிப்ரவரி 8 அன்று பக்கத்துக் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று கோண்டோலா ஏறுகிற அஃபர்வட் மலையில் போலந்துக்காரர்கள் இருவர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். எல்லாம் பிப்ரவரி என்பதைக் கவனியுங்கள்.

பிப்ரவரி 1, காலை

நம்பாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சப்பாத்திப் பலகைமேல் ஈரத் துண்டை விரித்து, மைதாவை இரண்டு விரல் கனத்துக்குக் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக அமுக்கி, பலகையை ஒரு பக்கமாகத் தூக்குங்கள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்து அதே துண்டுமேல் முதலில் சர்க்கரை, அதன்மேல் மைதா. இப்போது தூக்கினால் ஒன்றும் ஆகாததுபோல் இருந்து, மேல்விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். அந்தக் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓடின பிறகுதான் மாவு நகரும். கோடு முதலில், சரிவு பிறகு. இந்த வரிசையை மறக்காதீர்கள்.

ரவையை வைத்தும் பார்த்தேன், அவ்வளவு சரியாக வரவில்லை. வீட்டில், "இமயமலை எல்லாம் என் சமையல்கட்டில் வேண்டாம்" என்று பலகையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 1, மாலை

நாற்பது பேர் விஷயத்தை விட்டுவிட்டேன். இன்னொருவரும் அதையே கேட்டிருக்கிறார்: நாற்பது பேர் எடையைத் தாங்கின பனி நாற்பத்தோராவது ஆளைத் தாங்காதா?

முருங்கை மரத்தில் ஏறியிருக்கிறீர்களா? நாலு பேர் ஏறி காய் பறித்திருப்பார்கள், ஐந்தாவது பையன் கொஞ்சம் தள்ளி ஒரு கிளையில் கால் வைப்பான், அவ்வளவுதான். பனியிலும் எங்கே கால் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். மேலே பலகை ஒரு மீட்டர் கனமாக இருக்கிற இடத்தில் உங்கள் எடை அடியில் இருக்கிற சர்க்கரைவரை போய்ச் சேராது. அதே சரிவில் ஒரு பாறை பக்கத்தில், மேட்டு விளிம்பில், கனம் முப்பது நாற்பது சென்டிமீட்டர்தான் இருக்கும். நாற்பது பேரும் நடுவில் இறங்கிவிட்டார்கள். நீங்கள் புதுப் பனி தேடி ஓரமாகப் போவீர்கள். எல்லோரும் அதைத்தானே செய்வோம்! அங்கே உடைந்தால் நடுப்பகுதியும் சேர்ந்துதான் வரும்.

தடங்கள் இருந்தால் அந்த வழியில் ஆட்கள் போனார்கள் என்று தெரிகிறது. அதற்குமேல் ஒன்றும் தெரிவதில்லை.

பிப்ரவரி 2, காலை 6.15

ஒரு திருத்தம். "நாலு நாள் காத்திருந்தது நல்ல காரியம்" என்று ரொம்பத் தாராளமாகச் சொல்லிவிட்டேன். வானம் தெளிவாக இருந்தாலும் காற்று அடித்தால் பனி இடம் மாறுகிறது. முகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மறுபக்கம் கொட்டும். ஒரு செதில் பனிகூட வானத்திலிருந்து விழாமல், ஒரே ராத்திரியில் ஒரு சரிவின்மேல் அரை மீட்டர் கூடுதல் பாரம் ஏறலாம். ஆகவே நாலு நாள் கணக்கை கடைசிப் பனியிலிருந்து போடாமல், கடைசியாகக் காற்று அடித்த நாளிலிருந்து போடுங்கள். முகட்டிலிருந்து வெள்ளைக் கொடி மாதிரி புகை பறந்தால் படம் எடுங்கள், அந்தப் பக்கம் இறங்காதீர்கள்.

பிப்ரவரி 2, இரவு

எல்லோரும் கருவிகள் பற்றிக் கேட்கிறீர்கள். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் ரேடியோ கருவி), பனிக்குள் குத்திப் பார்க்கிற குத்துக்கழி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு மண்வாரி என்றால் அந்த மண்வாரி வைத்திருப்பவர்தான் புதைவார், என் ராசி அப்படி. பீக்கன்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ்தான், எந்தக் கம்பெனி வாங்கினாலும் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கும். செல்போனை அதிலிருந்து குறைந்தது இருபது சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், தேடும்போது ஐம்பது.

வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். எனக்குக் கொடுத்த ஒன்றில் பேட்டரி கசிந்து முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. விளக்கு எரிகிறதே என்று நானும் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன், சாயங்காலம் சோதித்தபோது ஐந்து மீட்டருக்கு அப்பால் என் சிக்னல் யாருடைய பீக்கனிலும் கேட்கவில்லை.

பயிற்சிக்கு இமயமலை தேவையில்லை. நாங்கள் பெசன்ட் நகர் கடற்கரையில் செய்தோம், காலை ஐந்தரைக்கு. ஒரு டிபன் டப்பாவில் பீக்கனைப் போட்டு மணலில் முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டுத் தேடினோம். முதல் தடவை எனக்கு ஒன்பது நிமிடம். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "நகையா?" என்று கேட்டார். ஐந்தாறு வாரத்தில் நாலு நிமிடத்துக்கு வந்தேன். மணல் தோண்டுவது சுலபம். சரிந்து நின்ற பனி நிமிடங்களில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், தோண்டுவதற்குத்தான் நேரம் போகும்.

எதற்கு இந்த அவசரம் என்றால், முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியைத் தாண்டும்போது அது மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு விழுந்துவிடுகிறது. மீட்புக் குழு வரும் என்று நம்பிப் போகாதீர்கள், அவர்கள் வருவதற்குள் இந்தக் கணக்கு முடிந்திருக்கும். நீங்கள் நாலு பேர்தான் மீட்புக் குழு.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "சியாச்சினில் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்களே" என்கிறார். தற்செயலாக இன்றைய தேதி. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடியில் இருந்த சோனம் ராணுவ நிலையின்மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்கள். நாலு பேர் தமிழ்நாடு: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. அந்த வாரம் தமிழ்ச் செய்திகளில் வேறு பேச்சே இல்லை. அவர்களில் ஹனுமந்தப்பா என்பவரை ஆறாவது நாள் உயிரோடு எடுத்தார்கள், பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்துவிட்டார். அது அபூர்வத்திலும் அபூர்வம். அதோடு அங்கே விழுந்தது நாம் பேசுகிற பலகைப் பனி இல்லை, பனிக்கட்டிச் சுவர். இரண்டையும் ஒரே "பனிச்சரிவு" என்ற சொல்லில் போட்டுக் குழப்புகிறோம்.

நம் மொழியில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்ட வைக்கிற சமாச்சாரம். மூடுபனி, உறைபனி, பனித்துளி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும் என்று இருந்தவர்கள் நாம். காஷ்மீரி நண்பர் ஷீன் என்கிறார், பனி என்று மொழிபெயர்த்தால் "உங்கள் ஊரிலும் உண்டா" என்று சந்தோஷப்படுகிறார். ஊட்டியில் புல்மேல் வெள்ளை பூக்கும் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 4, நள்ளிரவு தாண்டி

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், குல்மார்க், காட்டு எல்லைக்குக் கொஞ்சம் மேலே ஒரு திறந்தவெளி. நாங்கள் நாலு பேர், ஒரு வழிகாட்டி. ஏறக்குறைய சமதளம்தான், சறுக்குக் கட்டைகளின் அடியில் வழுக்காமலிருக்கத் தோல்பட்டை ஒட்டி நடந்து ஏறிக்கொண்டிருந்தோம். திடீரென்று காலுக்கடியில் "தும்ம்" என்று ஒரு சத்தம். மாடியில் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தால் கீழ்வீட்டில் கேட்குமே, அது மாதிரி. காதால் கேட்டதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்டது. நான் நின்ற இடம் அப்படியே ஒரு அங்குலம் கீழே இறங்கியது. என் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் ஒரு விரிசல் ஓடி, முன்னால் போனவரைத் தாண்டி, ஒரு தேவதாரு மரத்தடியில் போய் நின்றது. மரத்திலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது.

எல்லோரும் சிரித்தோம். அதுதான் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. எங்களில் ஒருவர், "பாருங்கள், பனி உட்கார்ந்துவிட்டது, இனி நல்லது" என்றார். வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. எங்களைப் பார்த்தார், மேலே பார்த்தார், "சார் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். காசு கொடுத்தவர்களிடம் வேறு எப்படிக் கேட்பார்? நான்தான் "போகலாம்" என்றேன். அறுபது மீட்டர் அகலமுள்ள ஒரு ஓடைப் பள்ளத்தை ஒவ்வொருவராகக் கடந்தோம். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அறைக்கு வந்து, பெரன் என்கிற காஷ்மீரி அங்கிக்குள் காங்டி என்கிற கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு உப்புத் தேநீர் குடித்தபடி, அந்தச் சத்தத்தை வாயால் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தம்தான் அடியில் இருக்கிற சர்க்கரை நொறுங்கி விழுகிற சத்தம். பலகை உடைந்துவிட்டது, விரிசல் ஓடிவிட்டது, மைதாவில் பார்த்த அதே கோடு. நாங்கள் நின்ற இடம் தட்டையாக இருந்ததால் கிளம்பவில்லை, அவ்வளவுதான். மலை அதைவிடத் தெளிவாகச் சொல்லவே சொல்லாது. நாங்கள் அதைக் கேட்டுவிட்டுச் சரிவான ஓடைக்குள் போனோம். இரண்டு வருடம் இதைச் சாகசக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4, மதியம்

இல்லை, "இனி நல்லது" என்று சொன்ன அந்த நண்பர்மேல் தப்பில்லை. கேட்டவர்களுக்கு: அவரும் இந்த இழையைப் படிக்கிறார், காலையிலேயே போன் செய்துவிட்டார். முதல் வரியே, "சத்தத்தைச் சரியாகவே எழுதவில்லை, 'தும்ம்' இல்லை 'வூம்ப்'."

பிப்ரவரி 5

சாய்வு பற்றி. பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30-லிருந்து 45 டிகிரிக்குள் உள்ள சரிவுகளில் கிளம்புகின்றன. முப்பதுக்குக் கீழே இருந்தால் கிளம்புவது அரிது. போனிலேயே அளக்கலாம், கழியைச் சரிவில் படுக்க வைத்து அதன்மேல் போனை வையுங்கள். சறுக்கக் கற்றவர்களுக்குப் பிடிக்கிற சாய்வும் அதே 35, 38 டிகிரிதான் என்பது கடவுள் செய்த குறும்பு.

பிப்ரவரி 5, ஒரு மணி நேரம் கழித்து

மேலே உள்ளதை அரைகுறையாக எழுதிவிட்டேன். நீங்கள் நிற்கிற இடம் முப்பதுக்குக் கீழே இருந்தால் போதாது, உங்கள் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமின் நாதுலா சாலையில் இறந்த ஏழு பேரும் சுற்றுலா வந்தவர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு மேலே மாணாவில், எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் வந்தது. 54 பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள், இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்ததால் பலர் பிழைத்தார்கள். படுத்திருந்தவனுக்கு என்ன சாய்வு? ட்ரங் பக்கம் இறங்கும்போது ஓடைப் பள்ளத்தில் நின்று டீ குடிக்கத் தோன்றும். நிற்காதீர்கள், மேலே இருந்து வருவதெல்லாம் அங்கேதான் வந்து குவியும், ஆழமாக.

பிப்ரவரி 7

"பனியில் குழி வெட்டி அடுக்குகளைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று எழுதியவருக்கு. நானும் வெட்டுகிறேன். 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உள்ளே, தூண் மாதிரி தனியாக அறுத்து, ஒரு ஓரத்தில் மண்வாரியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மூச்சில் ஓடினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பு. ஆனால் ஓடாவிட்டால் போகலாம் என்று அர்த்தமில்லை, இருபது மீட்டர் தள்ளி வெட்டினால் வேறு பதில் வரும். திரும்புவதற்குக் காரணம் தேடித்தான் குழி வெட்ட வேண்டும். நான் ரொம்ப நாள் போவதற்கு அனுமதிச்சீட்டு வாங்குகிற மாதிரி வெட்டிக்கொண்டிருந்தேன்.

அனுபவம் காப்பாற்றும் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. 2022 அக்டோபர் 4, உத்தரகாசி பக்கம் திரௌபதி கா டண்டா. மலையேற்றப் பயிற்சிக் குழு, 27 பேர் இறந்தார்கள், இரண்டு பேரைக் கண்டுபிடிக்கவே இல்லை. இறந்த பயிற்றுநர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே வருடம் மே மாதம்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் பதினாறு நாளுக்குள் ஏறி முடித்திருந்தார்.

பிப்ரவரி 8

எச்சரிக்கை அறிவிப்பைப் படியுங்கள். முன்பு மணாலியில் இருந்த பனி ஆய்வு நிறுவனம் இப்போது சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ என்கிற பாதுகாப்புத் துறை ஆய்வகத்தோடு சேர்ந்துவிட்டது, அவர்கள்தான் வெளியிடுகிறார்கள். மாவட்டத்தோடு உயரமும் போட்டு வரும், குல்மார்க் பாராமுல்லா மாவட்டக் கணக்கில் வரும். மாவட்டம் முழுக்க ஒரே அறிவிப்பு என்பதால் உங்கள் சரிவு பற்றி அது சொல்லாது.

பல நாடுகளில் பயன்படுத்துகிற ஐந்து படி பனிச்சரிவு ஆபத்து அளவையில் மூன்றாம் படியில் நிறைய சாவு விழுகிறது. நான்கு, ஐந்து என்றால் அதிகம் பேர் வெளியே போவதில்லை. மூன்று என்றதும் நம் பள்ளிக்கூட மூளை, ஐந்துக்கு மூன்று, அறுபது சதவீதம், முதல் வகுப்பு, பாஸ் என்று கணக்குப் போட்டுவிடுகிறது.

வழிகாட்டியிடம் "சேஃபா?" என்று கேட்காதீர்கள். விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கு வாயே வராது. "இன்றைக்கு நீங்கள் உங்கள் தம்பியைக் கூட்டிப் போகாத இடம் எது?" என்று கேளுங்கள். நான் போன வருடம் கேட்டேன், யோசிக்காமல் விரலை நீட்டிக் காட்டினார். நாங்கள் போகத் திட்டமிட்டிருந்த இடம்.

பிப்ரவரி 13

தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். இரண்டு நாள் மங்கி ஹில் மரங்களுக்குள்ளேயே சறுக்கியிருக்கிறார்கள், ட்ரங் போகவில்லை. வழிகாட்டியிடம் தம்பிக் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, "எனக்குத் தம்பி கிடையாது சார், ஆனால் அங்கே வேண்டாம்" என்றாராம். இப்போது தம்பிக்கு ஒரே ஆதங்கம். அதே சரிவில் மறுநாள் வேறு ஒரு குழு இறங்கி வீடியோ போட்டிருக்கிறது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "அப்படியென்றால் நாங்கள் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டோமா அண்ணா?"

தெரியாது தம்பி. இறங்கியிருந்தாலும் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 13, இரவு 11.50

அந்த வீடியோவைப் பார்த்தேன். மூன்றாவது ஆள் இடப்பக்கப் பாறைக்கு மேலே திரும்புகிற இடத்தில் நிறுத்துங்கள், நாற்பதாவது நொடி சுமார். அவர் தடத்துக்குக் குறுக்கே மேலே ஒரு கோடு தெரிகிறது. முன்னால் யாரோ குறுக்காகப் போன தடமாக இருக்கலாம். என் போனில் சரியாகத் தெரியவில்லை. பெரிய திரை வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள், அது தடமா, விரிசலா?